முதலில் உருக வேண்டியது எது? பழைய லாரிகளின் மின்சுற்றும் அதன் காப்பும்

சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூரு செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து மேச்சேரி, மேட்டூர்ப் பக்கமும் தாரமங்கலம் பக்கமும் சாலைகள் பிரியும் ஓமலூரில், லாரிகளை வயது பார்த்தே இரண்டாகப் பிரித்துவிடலாம். தேசிய அனுமதி பெற்று மாநிலம் மாநிலமாகச் செல்லும் வண்டிகள் இந்த ஊரைக் கடந்து போகின்றன. அந்த அனுமதிக்கான வயதைத் தாண்டிய வண்டிகளோ இந்த வட்டாரத்திலேயே தங்கிவிடுகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 88ஆம் விதி, சாதாரணச் சரக்கு வாகனத்துக்கு 12 ஆண்டுகளையும் பல அச்சு வாகனத்துக்கு 15 ஆண்டுகளையும் தேசிய அனுமதிக்குரிய வரம்பாக வைத்திருப்பதால், அதற்குப் பிறகும் ஓடக்கூடிய நிலையிலிருக்கும் லாரிகள் மேக்னசைட் வெள்ளைக்கல், மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல், செங்கல், ஜல்லி, சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு, நாமக்கல் கோழித்தீவனம் என்று உள்ளூர் நடைகளுக்கு வந்து சேர்கின்றன. நீண்ட ஓய்வு கிடைக்காமலும், ஒவ்வொரு நடையிலும் தூசியும் சேறும் ஈரமும் பட்டும், இரண்டு மூன்று உரிமையாளர்களின் கை மாறியும் ஓடும் இவ்வண்டிகளில் எஞ்சின், டயர், பிரேக் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் கவனம் வயரிங்குக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

இந்தப் புறக்கணிப்புக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. அசோக் லேலண்ட் காமெட், டாடா 1210 போன்ற பழைய வண்டிகளின் டீசல் எஞ்சின், எரிபொருளை இயந்திர முறையில் செலுத்தும் பம்பைக் கொண்டது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே செல்ப் மோட்டார் ஒருமுறை எஞ்சினைச் சுழற்றிவிட்ட பிறகு, பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்துவதற்கும் பல வண்டிகளில் கையால் இழுக்கும் கேபிள்தான் இருந்தது. மின்பழுது வந்தால் பயணம் நிற்பதில்லை, விளக்கு மட்டும்தான் போகும் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளில் ஓர் இணைப்பு தளர்ந்தாலே எஞ்சின் எச்சரிக்கவோ நின்றுவிடவோ செய்கிறது. பழைய வண்டியோ தன் குறையை மறைத்துக்கொண்டு ஓடுகிறது. வயரிங்கில் கோளாறு இருப்பது புகை வரும்போதுதான் தெரிகிறது.

லாரியின் மின்னமைப்பு பொதுவாக 24 வோல்ட் கொண்டது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து இது பெறப்படுகிறது. வோல்ட் இரட்டிப்பானால் அதே திறனுக்குத் தேவையான மின்னோட்டம் பாதியாகும் என்பதால், நீளமான வண்டியில் மெல்லிய ஒயரைக் கொண்டே வேலையை முடிக்க முடிகிறது. 75 வாட் முகப்பு விளக்கு ஒன்று 24 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த விளக்குக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி, செல்ப் மோட்டாருக்காக நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் தரவல்லது. விளக்குக்குப் போகும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஏதோ ஓரிடத்தில் தோல் உரிந்து சேஸிஸைத் தொட்டுவிட்டால், அதன் வழியே பாயும் மின்னோட்டத்துக்கு அந்த ஒயரின் தடையைத் தவிர வேறு தடுப்பு கிடையாது. இவ்வளவு கனமுள்ள செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு 0.017 ஓம். அதில் 100 ஆம்பியர் பாய்ந்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வரும் கணக்கின்படி, ஒவ்வொரு மீட்டரிலும் 170 வாட்டுக்கும் மேல் வெப்பம் பிறக்கும். 70 பாகை செல்சியஸ் அளவுக்குத் தாங்கும் பி.வி.சி. உறை சில நொடிகளில் இளகும். இளகிய உறை அதே கட்டிலுள்ள பக்கத்து ஒயர்களின் உறையையும் உருக்கும். தொடர்ந்து எரியும் பி.வி.சி. மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். கேபினுக்குள் தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தீக்கு முன்னதாக இந்தப் புகைதான் எமனாகிறது.

இங்கேதான் பியூஸ் எனப்படும் உருகியின் வேலை தொடங்குகிறது. பியூஸ் விளக்கையோ ஹாரனையோ காப்பாற்றுவதற்காக வைக்கப்படுவது என்று ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் பரவலாக நினைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. சுற்றில் எங்கேனும் ஒன்று உருகித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது, எது முதலில் உருக வேண்டும், எந்த இடத்தில் உருக வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதுதான் பியூஸ். ஒயர் தாங்கும் அளவை விடக் குறைந்த அளவில் அது உருக வேண்டும். பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் அது இருக்கவும் வேண்டும். ஏனென்றால் பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட ஒயரை எந்தப் பியூஸும் காப்பதில்லை. கூடுதலாகப் பொருத்திய ஹாரனுக்கு, ஹாரனின் பக்கத்திலேயே பியூஸ் வைத்திருப்பது பல வண்டிகளில் காணப்படுவது. அந்தப் பியூஸுக்கு முந்திய நான்கு மீட்டர் ஒயர் முழுவதும் காப்பின்றி நிற்கிறது என்பதை அதைப் பொருத்தியவர் யோசித்திருக்க மாட்டார்.

பழைய வண்டிகளில் இருப்பவை பெரும்பாலும் கண்ணாடிக் குழாய்ப் பியூஸும், பீங்கான் உடலில் உலோகப் பட்டை ஓடும் பியூஸும்தான். பீங்கான் வகையில் 5 ஆம்பியர் மஞ்சள், 8 ஆம்பியர் வெள்ளை, 16 ஆம்பியர் சிவப்பு, 25 ஆம்பியர் நீலம் என்று நிறத்தாலேயே அளவை அறியலாம். அமெரிக்காவில் 1970களில் அறிமுகமாகிப் பின்னர் உலகெங்கும் பரவிய தட்டைக் கால் பியூஸில் நிறங்கள் வேறு: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஒரே சிவப்பு ஒன்றில் 16, மற்றொன்றில் 10. பியூஸ் பெட்டியை மாற்றிய வண்டியில் நிறத்தை மட்டும் நம்பி மாற்றுபவர் இந்த இடத்தில் இடறுகிறார்.

எழுதப்பட்ட அளவைத் தாண்டிய நொடியே பியூஸ் உருகிவிடும் என்பதும் சரியல்ல. தட்டைக் கால் பியூஸ், தன் அளவில் 110 விழுக்காட்டை மணிக்கணக்கில் சுமக்கும்; 135 விழுக்காட்டில் உருகப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம்; இரு மடங்கு வந்தால் ஐந்து நொடிகளுக்குள் உருகிவிடும். ஆகவே வழக்கமான சுமை பியூஸ் அளவின் முக்கால் பங்குக்குள் இருக்கட்டும் என்பதும், பியூஸின் அளவு ஒயரின் தாங்குதிறனுக்குக் கீழே இருக்கட்டும் என்பதும் தேர்ந்த எலக்ட்ரீஷியன்கள் கைக்கொள்ளும் இரட்டை வரம்பு. சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றியோ, ஒயரிலிருந்து பிரித்த செம்பு இழையைக் கட்டியோ எரிந்த பியூஸுக்கு உயிர் கொடுப்பது இந்த இரண்டையும் ஒருசேரக் குலைத்துவிடுகிறது. இரவில், நடு வழியில், விளக்கில்லாமல் ஓட்ட முடியாத நிலையில் ஓட்டுநர் அப்படிச் செய்வதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. கேபினில் பத்து உதிரிப் பியூஸ்களை வாங்கி வைக்காத உரிமையாளர்தான் அதற்குப் பொறுப்பு. சில ரூபாய்ப் பொருள் அது.

சேர்ந்துகொண்டே போகும் சுமை

உற்பத்தியாளர் ஒயரின் கனத்தைத் தீர்மானித்தது அன்றைய விளக்குகளை வைத்து. வண்டி பட்டறைக்கு வந்து பாடி கட்டியபோது கேபின் நெற்றியில் வண்ண விளக்குகள் சேர்ந்தன. அடுத்த உரிமையாளர் மஞ்சள் விளக்குகள் நான்கைச் சேர்த்தார். அதற்கடுத்தவர் மின்விசிறி, பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர் என்று தொடர்ந்தார். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து எடுப்பது 6 ஆம்பியர் சொச்சம். அதே ஒயரில் 70 வாட் விளக்குகள் நான்கு கூடினால் மொத்தம் 18 ஆம்பியரை எட்டுகிறது. மின்னோட்டம் மும்மடங்கை நெருங்கும்போதே வெப்பம் எட்டு மடங்காகிறது. 8 ஆம்பியர் பியூஸ் உருகும், 16 போடப்படும், அதுவும் உருகும், 25 போடப்படும். அப்போது பியூஸ் உருகாது. ஒயர்க் கட்டுக்குள் உறை ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு, வெடித்து, ஒரு மழைநாளில் சேஸிஸைத் தொடும்.

இதற்கு விடை கனமான ஒயரும் ரிலேயும். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் காந்தமாகும் சுருள் ஒன்று, பெரிய மின்னோட்டத்தின் தொடர்பை மூடித் திறக்கும் சாதனம். டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போவது ரிலேயின் சுருளுக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே; விளக்குக்கான முழு மின்னோட்டம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, ரிலே வழியாக, நேராக விளக்குக்குப் போகும். ரிலேயின் கால்களில் 85, 86 என்று பொறிக்கப்பட்டவை சுருளுக்கும், 30 பேட்டரியிலிருந்து வருவதற்கும், 87 விளக்குக்குப் போவதற்கும் உரியவை. இதனால் சுவிட்ச் சூடேறிக் கெடுவது நிற்பதோடு வெளிச்சமும் கூடுகிறது. பேட்டரியிலிருந்து சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச் என்று சுற்றிப் போகும் 10 மீட்டர் நீள 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 6 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு வோல்ட் ஒயரிலேயே போய்விடும். தேய்ந்த சுவிட்சும் களிம்பேறிய இணைப்பும் இன்னும் ஒன்றரை வோல்ட்டை விழுங்கலாம். இழை விளக்கின் வெளிச்சம் வோல்ட் குறைவதை விட வேகமாகக் குறையும். பத்து விழுக்காடு வோல்ட் குறைந்தால் முப்பது விழுக்காடு வெளிச்சம் போய்விடுகிறது. விளக்கு மங்கலாக இருக்கிறதென்று அதிக வாட் பல்பை மாற்றுவது, பழுதான ஒயரின் மேல் இன்னும் சுமை ஏற்றுவதாகவே முடியும். இடது, வலது முகப்பு விளக்குகளுக்குத் தனித்தனிப் பியூஸ் வைப்பது ரிலேயை விடச் சிறிய செலவு. ஒரு பக்கம் ஷார்ட் ஆனாலும் மறு பக்கம் எரியும். தருமபுரிப் பக்கத்திலிருந்து தொப்பூர்க் கணவாயில் சுமையோடு இறங்கும் வண்டிக்கு இரு கண்ணும் ஒரே நொடியில் அவிவது என்ன பொருள் தரும் என்பதை இவ்வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒயர் வாங்கும்போது கடையில் 14/0.3, 21/0.3, 35/0.3 என்ற எண்களைக் காணலாம். 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழைகள் எத்தனை என்பதை முதல் எண் சொல்கிறது. 14 இழைகள் சேர்ந்தால் 1 சதுர மில்லிமீட்டர், 21 சேர்ந்தால் 1.5, 35 சேர்ந்தால் 2.5. மோட்டார் வாகன ஒயர்களுக்கென்று இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2465 இருக்கிறது. வீட்டுக்கு இழுக்கும், இழை குறைந்து தடித்த ஒயரை லாரியில் போட்டால், அளவு சரியாக இருந்தாலும் அதிர்விலேயே இழை முறிந்துவிடும். முறிந்த இழைகளின் பங்கை மீதி இழைகள் சுமக்கும்போது அந்த ஓரிடம் மட்டும் சூடேறும்.

நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்பை நம்புதல்

இந்திய லாரித் தொழிலுக்கு இரண்டு தாய்வீடுகள். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய சென்னை நிறுவனம் 1955இல் பிரிட்டனின் லேலண்டுடன் இணைந்து அசோக் லேலண்ட் ஆயிற்று. டாடா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் கூட்டில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் மரபில் பழுப்பு நிற ஒயர் பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேரே வருவது, கறுப்பு எர்த். ஜெர்மன் மரபில் சிவப்பு பேட்டரிக்குரியது, பழுப்புதான் எர்த். ஒரு மரபில் தொட்டால் பொறி பறக்கும் ஒயர், இன்னொரு மரபில் சேஸிஸோடு இணைய வேண்டிய ஒயர். இதற்கு மேல், கையிருப்பில் இருந்த நிறத்தைக் கொண்டு இருபது ஆண்டுகளாகப் பல கைகள் ஒட்டுப்போட்ட வண்டியில் நிறம் எதையும் நிரூபிப்பதில்லை.

ஆகவேதான் வட்டாரத்துப் பட்டறைகளில் டெஸ்ட் லேம்ப் இல்லாத ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் காண முடியாது. ஒரு ஹோல்டரும் 24 வோல்ட், 21 வாட் பல்பும் இரண்டு நீள ஒயர்களும்தான் அந்தக் கருவி. ஷார்ட் தேடுவதில் அதன் பயன் வியப்பளிப்பது. உருகிக்கொண்டேயிருக்கும் பியூஸை எடுத்துவிட்டு, அந்தச் சுற்றின் பல்புகளையும் கழற்றி வைத்து, பியூஸ் இருந்த இரு முனைகளுக்கிடையே இந்தப் பல்பை இணைப்பார்கள். எங்கேனும் ஒயர் சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் பல்பின் தடை குறுக்கே நிற்பதால் ஓர் ஆம்பியருக்குக் குறைவாகவே மின்னோட்டம் பாயும், ஒயர் சூடேறாது. பின்னர் சேஸிஸ் நெடுகிலும் ஒயர்க் கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே போவார்கள். கிராஸ் மெம்பர் துளையில் ரப்பர் வளையம் உதிர்ந்துபோன இடத்திலோ, பாடி கட்டியபோது யு-போல்ட்டுக்கு அடியில் நசுங்கிய இடத்திலோ கை படும்போது பல்பு அணையும். பழுது அங்கேதான். விலையுயர்ந்த மீட்டர் எதுவும் இல்லாமல், மின்னியலின் அடிப்படை விதியையே கருவியாக்கிக்கொண்ட இந்த அறிவுக்குப் பாடநூல்களில் உரிய இடம் கொடுக்கப்பட வேண்டும்.

எர்த் என்னும் மறுபாதி

லாரியில் விளக்குக்குப் போகும் ஒயர் ஒன்றுதான்; திரும்பி வரும் வழி சேஸிஸ் இரும்பு. பெயின்ட், துரு, சாம்பல் தூசி, வடகிழக்குப் பருவமழையின் ஈரம் ஆகியவை எர்த் போல்ட்டுக்கு அடியில் சேரும்போது திரும்பும் வழி அடைபடுகிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவதும், இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சேர்ந்து துடிப்பதும் இதன் அடையாளங்கள். தன் வழி அடைபட்ட மின்னோட்டம் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றித் திரும்ப முயல்கிறது. பின்னால் வருபவருக்கு எது பிரேக், எது திருப்பம் என்று தெரியாமல் போகும் இந்தப் பழுதுக்கு மருந்து, இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, லக் அடித்து, போல்ட் முறுக்கி, மேலே கிரீஸ் பூசுவது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் பட்டை கழன்றிருந்தால் விளைவு இன்னும் கடுமையானது: செல்ப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஆக்ஸிலேட்டர் கேபிள், கியர் இணைப்புத் தண்டு, பேரிங் என்று கிடைத்த வழியில் திரும்பும். காரணம் புரியாமல் கேபிள் கருகியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டையை.

பாட்டுப் பெட்டிக்கும் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று இரு பேட்டரிகளின் நடுவிலிருந்து ஒயர் எடுப்பது இன்னொரு பரவலான வழக்கம். எர்த்தோடு இணைந்த பேட்டரி மட்டும் கூடுதலாகக் காலியாகிறது. ஆல்டர்னேட்டரோ 28 வோல்ட்டை இரண்டுக்கும் சேர்த்தே தருகிறது. காலியான பேட்டரி தன் பங்கை விடக் குறைந்த வோல்ட்டில் நிற்க, மற்றது 15 வோல்ட்டை நெருங்கி, கொதித்து, தண்ணீர் வற்றி, ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும் வாயு அது; மூடிய பேட்டரிப் பெட்டியில் தளர்ந்த டெர்மினல் ஒன்று பொறி கக்கினால் போதும். 24 வோல்ட்டை 12 ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டில் ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி சாகிறதே என்று புலம்பும் உரிமையாளர், பேட்டரிக் கம்பெனியைக் குறை சொல்லும் முன் நடுவில் ஒயர் எடுத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் பாடி கட்டுவதிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கட்டுவதிலும் பெயர் பெற்றது. வெல்டிங் இல்லாமல் அத்தொழில் இல்லை. சேஸிஸில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் ஒயரையும் எடுத்துவிட்டு, வெல்டிங் எர்த்தைப் பற்ற வைக்கும் இடத்துக்கு மிக அருகில் பிடிக்க வேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் பேரிங்குகளும் அந்த மின்னோட்டத்துக்கு வழியாகும். கேபினுக்கும் பாடிக்கும் இடையில் ஓடும் ஒயர்க் கட்டின் மேல் விழும் ஒரு நெருப்புத் துளி, ஆறு மாதம் கழித்துத்தான் ஷார்ட்டாக வெளிப்படும்.

தீப்பற்றும் சரக்கை ஏற்றும் வண்டிகளுக்கு அரசே ஒயர்க் காப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெட்ரோலியம் விதிகள், 2002, டேங்கர் வண்டியின் ஒயர்கள் கனமான உறையும் போதிய தாங்குதிறனும் கொண்டிருக்க வேண்டும், பியூஸ் அல்லது தானே துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும், பேட்டரிக்கு அருகிலேயே அதைத் துண்டிக்கும் கனரகச் சுவிட்ச் இருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன. நாமக்கல்லின் டேங்கர்த் தொழில் இந்த ஒழுங்குக்குப் பழகியது. பக்கத்து வரிசையில் நிற்கும் பழைய ஜல்லி லாரிக்கு மட்டும் இவ்வொழுங்கு ஏன் எட்டவில்லை என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்றாலும், சோதனைக்குரிய பட்டியல் முகப்பு விளக்கின் ஒளிக்கற்றை, மற்ற விளக்குகள், ஹாரன், வைப்பர் என்று விளைவுகளையே பார்க்கிறது. விளக்கு எரிகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. எந்தப் பியூஸ் வழியாக எரிகிறது என்ற கேள்வி எழுவதேயில்லை. பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைச் சோதனையில் சேர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

பேட்டரியைத் துண்டிக்கும் அந்தக் கட்-ஆஃப் சுவிட்ச், செல்ப் கேபிளுக்கு ஒரு முக்கியமான காப்பு. செல்ப் மோட்டாரின் மின்னோட்டம் மிகப் பெரியது என்பதால் அந்தக் கேபிளுக்குப் பெரும்பாலும் பியூஸ் வைப்பதில்லை. உறை, கிளாம்ப், சரியான பாதை ஆகியவற்றோடு இந்தச் சுவிட்சும் சேர்ந்துதான் அதைக் காக்கின்றன. இரவு வண்டியை நிறுத்தியபின் அதைத் திருப்பி வைத்தால், எலி கடித்த ஒயரும் நசுங்கிய ஒயரும் விடியும்வரை மின்சாரமற்ற செம்புதான். எஞ்சின் ஓடும்போது மட்டும் அதைத் தொடக்கூடாது. பேட்டரி திடீரென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணம் எகிறி டயோடுகளைக் கொன்றுவிடும்.

முழு வயரிங்கையும் மாற்ற நேரும்போது பழையதை அப்படியே பார்த்துப் புதிதாக இழுப்பது வீண் வேலை. இருபது ஆண்டுத் தவறுகளும் புதிய செம்பில் படி எடுக்கப்படும். இன்றைய சுமைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆம்பியர் கணக்கிட்டு, ஒயரும் பியூஸும் தீர்மானித்த பின்னரே ஒயர் வாங்க வேண்டும். 21 வாட் இழை பல்பின் இடத்தில் 3 வாட் அளவிலான எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் பின்பக்கச் சுமை வெகுவாகக் குறையும். ஆனால் சூடேறித் துடிக்கும் பழைய பிளாஷரை மின்னணு வகைக்கு மாற்றாவிட்டால் இண்டிகேட்டர் ஒழுங்காகத் துடிக்காது. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதிலாக லக் அடித்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும், மழையில் நீர் இழைகளுக்கிடையே ஏறிப் பச்சைக் களிம்பாகும். வேலை முடிந்ததும் எந்தப் பியூஸ் எந்தச் சுற்றுக்கு, எத்தனை ஆம்பியர் என்பதைத் தமிழில் எழுதிப் பியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி, ஒரு படியை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட்டால், வண்டி அடுத்த உரிமையாளரிடம் போகும்போது அந்தக் கணக்கும் கூடவே போகும்.